சாப்பா எண் 214

மட்டாஞ்சேரி, கொச்சங்காடி
1957 ஏப்ரல் 24

மச்சானுக்கு நசீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று படகிலிருந்து நீங்கள் இறங்கவில்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போய்க் குழந்தையைப் படுக்க வைத்தேன். இனி மற்றதை எழுதுகிறேன். புது சர்க்கார் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, வேலை நிறுத்த வழக்குகளில் உள்ளே போனவர்களை விட்டுவிட்டார்கள், துறைமுகத்து மூப்பன் கொலைக் கேஸில் தண்டனை வாங்கிய எட்டுப் பேரும் வருகிறார்கள் என்று தொழிலாளர் சங்கத்தில் சொன்னார்கள். ஜெட்டி முழுக்கக் கொடி. சுல்ஃபத்துக்குப் பச்சைப் பாவாடை கட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று வயது முடிந்துவிட்டது, கனக்கிறாள். "அத்தா எப்படி இருப்பாங்க?" என்று வழியெல்லாம் கேட்டாள். உயரமாக இருப்பார் என்றேன். வேறு என்ன சொல்ல? அவளுக்கு ஒரு வயதில் உங்களைக் கொண்டு போனார்கள்.

எர்ணாகுளம் படகிலிருந்து இறங்கியவர்களை எண்ணினேன். ஏழு. ஏழு பேர் கழுத்திலும் மாலை. எட்டாவது மாலை சங்கத்து செகரட்டரி ஷௌகத் அலியின் கையிலேயே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு மாலையைப் பார்த்தார்.

"லிஸ்ட்ல சிகாபுதீன் பேரு இல்ல மோளே. நான் என்ன செய்யட்டு?"

அப்படியே குழந்தையோடு வக்கீல் நீலகண்டன் வீட்டுக்கு நடந்தேன். அவர் சாயா குடித்துக்கொண்டே சொன்னார்: "உன் புருஷன் கோர்ட்டிலே என்ன சொன்னான்? நான் சங்கத்து ஆளே இல்லை, கொடியும் தெரியாது கோஷமும் தெரியாதுன்னான். ஜட்ஜ் அதை அப்படியே எழுதி வெச்சிருக்கார். அப்போ அவன் வெறும் கொலைக் கைதி. அரசியல் கைதியை மட்டுமாக்கும் விடறா."

"அப்படிச் சொல்லச் சொன்னது நீங்கதானே?"

"அன்னிக்கு இருந்த கவர்ன்மெண்டுக்கு அதுதான் சரி."

அவரைத் திட்டிப் பயன் இல்லை. லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று, அப்படியே சொல்லிவிடுங்கள் என்று உங்களைக் கெஞ்சியது நான்தான். நீங்கள் தலையாட்டினீர்கள். சரி, போனது போகட்டும். இதோடு ஒரு மனு வைத்திருக்கிறேன். நீங்கள் சங்கத்தின் முன்வரிசை ஆள், கோர்ட்டில் பயந்துபோய் மாற்றிச் சொன்னீர்கள் என்று ஷௌகத் அலி சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பென்சிலால் கோடு போட்ட இடத்தில் உங்கள் கையெழுத்து. உடனே அனுப்புங்கள். நம் ஆட்கள் சர்க்கார் இது.

நசீபா


சென்ட்ரல் ஜெயில், பூஜப்புரை
1957 மே 19

நசீபாவுக்கு,

கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்துவிட்டேன். போடுவதற்கு மூன்று நாள் ஆயிற்று.

ஏழு பேரும் போன அன்று காலை, அவர்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி ஸ்டோரில் கொடுக்கச் சொன்னார் வார்டர். ஏழு தட்டு. கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இப்போது இந்த வரிசை அறைகளில் நான் ஒருவன்தான் தமிழ் பேசுகிறவன். பேச ஆள் இல்லாததால் சில நாள் என் பெயரை நானே சொல்லிப் பார்க்கிறேன்.

என் மனு போய்ச் சேர வேண்டிய செக்ரட்டேரியட் இங்கிருந்து இரண்டு மைல்தானாம். தபால் கொச்சி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது.

வருகிற கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதோடு சரி, ஆனால் வெளியே போகிறவற்றை இங்கே தமிழ் தெரிந்த ஒருவர் படிப்பார். அதனால் ஒன்று மட்டும். நம் தகரப் பெட்டியில், என் நிக்காஹ் வேட்டியின் மடிப்புக்குள் ஒரு பொருள் இருக்கும். எடுக்காதே. எடுத்தாலும் யாரிடமும் காட்டாதே. முக்கியமாக மாடத்தி அக்காவிடம்.

சுல்ஃபத்தை இனி இடுப்பில் தூக்காதே. உன் முதுகு வலி எனக்குத் தெரியும்.

சிகாபுதீன்


கொச்சங்காடி
1957 ஜூன் 30

மச்சான்,

எடுக்காதே என்று எழுதினால் எடுக்காமல் இருப்பேனா? என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா?

பித்தளை வட்டு. நடுவில் ஓட்டை. எண் 214. சாப்பா.

துறைமுகக் கூலியின் பெண்டாட்டிக்கு இது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். காலையில் வேலிக்கு வெளியே நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். காண்ட்ராக்டரின் மூப்பன் மேடையில் ஏறி நின்று கை நிறைய அள்ளி எறிவான். கீழே ஐந்நூறு ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரள்வார்கள். ஒரு சாப்பா கிடைத்தவனுக்கு அன்றைக்கு வேலை. கிடைக்காதவன் நசுங்கிய விரலோடு வீட்டுக்கு வருவான். நாய்க்குக்கூட நாங்கள் அப்படி எறிவதில்லை. சாயங்காலம் சாப்பாவைத் திருப்பிக் கொடுத்தால்தான் கூலி. அப்படியானால் நம் பெட்டியில் இருப்பது திருப்பிக் கொடுக்காத சாப்பா. நீங்கள் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்த நாள் ஒன்றுதான் உண்டு. அந்த ஜனவரி காலை. எறிகிற பழக்கத்தை நிறுத்தும்வரை எவனும் சாப்பா தொடக்கூடாது என்று சங்கம் சொன்ன நாள். பிச்சை அண்ணன் செத்த நாள்.

நீங்கள் எடுத்தீர்கள்.

முதலில் உங்கள் மேல் காறித் துப்பலாம் என்று இருந்தது. பிறகு அந்தக் காலை நினைவு வந்தது. ஒன்பது நாளாக அடுப்பு எரியவில்லை. பால் வற்றிக் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. "சாப்பா இல்லாம இந்த வாசல்ல ஏறாதீங்க" என்று சொன்னவள் நான். நீங்கள் சாப்பாவோடுதான் ஏறியிருக்கிறீர்கள். மத்தியானம் போலீஸ் வந்தது.

மிளகுக் கிடங்கில் மாடத்தி அக்காவும் நானும் ஒரே சாக்கில் உட்கார்ந்து மிளகு புடைக்கிறோம். புருஷன் பிச்சை அண்ணனைப் பறிகொடுத்தவர், எனக்காகத் தன் தூக்குச்சட்டியில் ஒரு பிடி சோறு அதிகம் கொண்டு வருகிறார். "உம் மாப்பிள முன்னால நின்ன ஆளுல்லாட்டீ, சீக்கிரம் வந்துருவான்" என்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு கல் பொறுக்குகிறேன்.

அதை வேட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டேன்.

நசீபா


பூஜப்புரை
1958 பிப்ரவரி 9

நசீபா,

தமிழ்க் கடிதம் படிக்கிற வார்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதியவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரை குத்துகிறார். அதனால் இப்போது எழுதலாம்.

அன்று நானும் வரிசையில்தான் நின்றேன். எல்லோரும் கைகோத்து நின்றோம். என் இடது கை பிச்சை அண்ணன் கையில். மூப்பன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு எறிந்தான். சாப்பாக்கள் தரையில் விழுந்து உருண்டன. ஒருவனும் குனியவில்லை. அந்த அமைதியை நான் அதற்கு முன்பு துறையில் கேட்டதில்லை. ஒன்று உருண்டு வந்து என் கால் பெருவிரலில் முட்டி விழுந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏலே சிகாபு, இன்னைக்கு ஒருநா வேண்டாம்லே."

கையை உதறிக்கொண்டு குனிந்தேன். நான் குனிந்ததும் எனக்குப் பின்னால் முப்பது பேர் குனிந்தார்கள். அதனால்தான் யார் முதலில் குனிந்தது என்று எவனும் வெளியே சொல்லவில்லை. வரிசை அறுந்தது. அறுந்த இடத்தில்தான் போலீஸ் புகுந்தது. அண்ணன் வள்ளத்துக்கும் துறைக் கல்லுக்கும் நடுவே விழுந்தார். விழுந்தவர் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். அதை எழுத வரவில்லை. சாப்பாவை வாயில் கவ்விக்கொண்டு ஓடினேன். மூப்பனை யார் சரக்குக் கொக்கியால் அடித்தது என்று அல்லாவுக்குத்தான் தெரியும். நான் அப்போது வேலிக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தேன். ஓடியதைப் பார்த்தவர்கள் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

சாப்பாவைக் கோர்ட்டில் காட்டியிருந்தால் விட்டிருப்பார்கள். வேலை கொடுத்தவனை நான் ஏன் அடிக்கப் போகிறேன்? காட்டவில்லை. பின் பெஞ்சில் தினமும் மாடத்தி அக்கா வந்து உட்கார்ந்திருந்தார்.

மனுவில் நான் முன்வரிசைப் போராளி. கையெழுத்துப் போட்டேன். வெளியே வர ஆசையாக இருக்கிறது, வேறு காரணம் இல்லை.

சிகாபுதீன்


கொச்சங்காடி
1959 ஆகஸ்ட் 6

மச்சான்,

நான் திருவனந்தபுரம் வந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது.

ஜூன் மாதத்திலிருந்து இங்கே ஊர் ஊராக இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் மறியல், பஸ் மறியல், படகு மறியல். சர்க்காரைக் கலைக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், கலைக்கக் கூடாது என்று ஒரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் மிளகு புடைக்கிறவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று தெரியாது. ஷௌகத் அலி வந்து, "ஃபைல் மந்திரி மேசைக்குப் போயாச்சு, நேர்ல போயி நின்னா காரியம் நடக்கும் மோளே" என்றார். இரண்டு வருஷம் அந்தக் காகிதம் எங்கே படுத்திருந்தது என்று நான் கேட்கவில்லை. மாடத்தி அக்கா புளிச்சோறு கட்டிக் கொடுத்து, அங்கே தன் நாத்தனார் அனந்தலக்ஷ்மி வீட்டில் தங்கிக்கொள்ளச் சொன்னார். சுல்ஃபத்தை அக்காவே பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை செக்ரட்டேரியட்டில் ஒரு குமஸ்தா காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். ஆர்டர் டைப் ஆகியிருந்தது. உங்கள் பெயரை நான் என் கண்ணால் படித்தேன், மச்சான். மலையாளத்தில்தான் இருந்தது, ஆனாலும் படித்தேன். "மந்திரி ஒப்பு மட்டும் பாக்கி. திங்கட்கிழமை வாங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவில் பட்டாசு. டில்லியிலிருந்து சர்க்காரைக் கலைத்துவிட்டார்கள். எதிர் வீட்டில் அழுதார்கள். அடுத்த வீட்டில் சர்க்கரை கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்கள். கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை போனேன். போகாமல் எப்படி? அதே குமஸ்தா, அதே மேசை. "மந்திரி கையெழுத்துக்கு வந்திருக்கேன்" என்றேன்.

"ஏது மந்திரி?" என்று கேட்டார்.

அங்கிருந்து நேராக ஜெயிலுக்கு நடந்தேன். அன்று பார்க்க விடுகிற நாள் இல்லையாம். மதிலை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஓரிடத்தில் உள்ளே யாரோ இருமினார்கள். நீங்களாக இருக்கலாம் என்று கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.

நசீபா


பூஜப்புரை
1959 ஆகஸ்ட் 30

நசீபா,

அன்று எனக்கு இருமல் இல்லை. ஆனாலும் அது நான்தான் என்றே வைத்துக்கொள்.

ஜூலையில் மறியல்காரர்களால் இந்த இடம் நிறைந்து வழிந்தது. படுக்க இடம் இல்லை. சர்க்கார் போனதும் அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வெளியே போனார்கள். இனி அடுத்த தேர்தல் வரும், வேறு ஆட்கள் வருவார்கள், வேறு பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன்.

டைப் அடித்த என் பெயர் எப்படி இருந்தது? எழுத்துப் பிழை இல்லாமல் இருந்ததா?

சிகாபுதீன்


கொச்சங்காடி
1960 மார்ச் 14

மச்சான்,

புது மந்திரிசபை வந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். வக்கீல் நீலகண்டன் இப்போது கதர் கட்டுகிறார். போன பங்குனியில் சங்கத்துக் கூட்டத்தில் கை தட்டியதை நான் பார்த்தேன். அவர் நேற்று நம் வீட்டுக்கே வந்தார். நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே பேசினார்.

"கேட்டியா நசீபா, இப்போ உள்ளவாளுக்கு வேற மாதிரி ஆள் வேணும். சங்கத்துக்காரன் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போன அப்பாவித் தொழிலாளி. அப்படி ஒருத்தனை வெளியிலே விட்டா அவாளுக்கும் பேர், உனக்கும் புருஷன். கோர்ட்டிலே சொன்னானே, சங்கத்து ஆள் இல்லைன்னு, அது இப்போ நமக்கு அனுகூலம். ஆனா நடுவிலே ஒரு மனுவைக் கொடுத்துக் கெடுத்துட்டேள். அதை அடிக்கறதுக்கு ஒரு ரிகார்டு வேணும். அன்னிக்கு அவன் வேலைக்குத்தான் போனான்னு ஏதாவது இருக்கோ?"

என் கண் தகரப் பெட்டிப் பக்கம் போய்விட்டது. அவர் பார்த்துவிட்டார். வக்கீல் அல்லவா.

கொடுக்கட்டுமா? சொல்லுங்கள். அதைக் கொடுத்தால் ஊருக்குத் தெரியும். மாடத்தி அக்காவுக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியாது. சுல்ஃபத் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறாள். உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்து, "உம்மா, இது என்ன எழுத்து?" என்கிறாள். பிள்ளைக்கு அத்தாவின் எழுத்துகூடத் தெரியாது.

நான் வெட்கம் விட்டு எழுதுகிறேன். பாய் அகலமாக இருக்கிறது. அதன் ஒரு பாதி பழசாகவே ஆகவில்லை.

நசீபா


பூஜப்புரை
1960 ஏப்ரல் 3

நசீபா,

கொடுக்காதே.

என்னை வெளியே விட்டால் சும்மா விட மாட்டார்கள். மேடையில் ஏற்றிக் காட்டுவார்கள். இதோ பாருங்கள், தொழிலாளிக்கு வேலைதான் வேண்டும், எறிந்தால் பொறுக்குகிறான், சங்கம்தான் அவனைக் கெடுத்தது என்பார்கள். அப்புறம் நூறு வருஷத்துக்கு எறிந்துகொண்டே இருப்பார்கள். பிச்சை அண்ணன் அதை நிறுத்தத்தான் நின்றார்.

முதல் சர்க்காருக்கு நான் சங்கத்தை அறியாதவன். அடுத்ததற்குப் போராளி. இதற்கு அப்பாவி. இனி வருகிறதற்கு யாராக வேண்டுமோ? இப்படியே போனால் வீட்டுக்கு வந்து சேர்கிறவன் யார் என்று எனக்கே தெரியாது. தண்டனையைக் கழித்துவிட்டே வருகிறேன்.

சாப்பாவைக் காயல் தண்ணீரில் போட்டுவிடு.

சிகாபுதீன்


கொச்சங்காடி
1960 ஏப்ரல் 21

மச்சான்,

உள்ளே இருந்துகொண்டு பெரிய மனிதர் ஆகிவிட்டீர்கள். நல்லது.

அங்கே மூன்று வேளையும் மணி அடித்தால் சோறு. இங்கே மணி கிடையாது. குனிந்தவர் நீங்கள், அனுப்பியவள் நான், பசித்தது பிள்ளைக்கு. அப்படியிருக்க, சுமப்பது நீங்கள் ஒருவர் மட்டும் என்று யார் சொன்னது? பிச்சை அண்ணனுக்காக நீங்கள் உள்ளே இருந்தால் மாடத்தி அக்காவுக்கு என்ன கிடைக்கிறது? அவரும் தனியாகப் படுக்கிறார், நானும் தனியாகப் படுக்கிறேன். ஒரு பாயை நிரப்பினால் இன்னொன்று நிரம்பாது என்பது எனக்கும் தெரியும். அதற்காக இரண்டும் காலியாகக் கிடக்க வேண்டுமா?

எது சரி என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். என்ன செய்ய வேண்டுமோ செய்வேன். இனி எழுத மாட்டேன்.

நசீபா


பூஜப்புரை
1960 டிசம்பர் 11

நசீபா,

எட்டு மாதமாக உன் கடிதம் இல்லை. நான் எழுதிய மூன்றும் கிடைத்தனவா?

இங்கே நெசவுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஒரு வாத்தியார் கைதி மலையாள எழுத்துச் சொல்லித் தருகிறார். "ழ" மட்டும் நன்றாக வருகிறது.

நீ கொடுத்துவிட்டாயா, இல்லையா? அதையாவது எழுது.

சிகாபுதீன்


பூஜப்புரை
1961 ஆகஸ்ட் 20

நசீபா,

பார்க்க விடுகிற பேட்டி நாளில் எல்லோர் பெயரையும் கூப்பிடுவார்கள். என் பெயர் வராது என்று தெரிந்தாலும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்கிறேன்.

நான் எழுதியதில் தப்பு இருக்கிறது. சரி என்று நினைத்ததிலும் தப்பு இருக்கிறது. நீ திட்டியாவது எழுது.

சிகாபுதீன்


கொச்சங்காடி
1962 ஜனவரி 28

மச்சான்,

திட்டக்கூடத் தெம்பு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சாப்பாவை வக்கீலிடம் கொடுத்தேன். உங்களுக்கு எழுதிய அந்த வாரமே. ஆனால் அதற்கு முன்னால் மாடத்தி அக்காவிடம் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் கொடுக்க என்னால் முடியவில்லை. அவர் கொண்டு வந்த சோற்றைத் தின்ற வாய் இது. கிடங்கில் மத்தியானம், மற்றவர்கள் கஞ்சிக்குப் போயிருந்தார்கள். முந்தானையிலிருந்து அவிழ்த்து முறத்தில் வைத்தேன்.

"என்னட்டீ இது?"

"சாப்பா அக்கா. அவர் அன்னைக்கு எடுத்தது."

"என்னைக்கு?"

முறத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அக்கா அதைத் தொடவில்லை. மிளகுக்கு நடுவில் அது கிடந்தது.

"கையப் புடிச்சிருந்தாரே எம் புருசன். கைய உதறிட்டா குனிஞ்சான்?"

"ஆமா அக்கா. காலையில நான்தான் சொல்லி அனுப்பினேன், சாப்பா இல்லாம வராதீங்கன்னு."

"நீ சொன்ன. நானுந்தான் சொன்னேன் அவருட்ட. எங்க வீட்டுல மட்டும் பொங்கி எறக்கியா வச்சிருந்துச்சு? அவரு கேட்டாரா?" முறத்தை என் பக்கம் தள்ளினார். "கொண்டு போயிக் குடு. உம் புருசன் வரட்டும். எம் பக்கத்துல மட்டும் இனிமே உக்காராத."

மறுநாள் அவர் சுக்குப் பிரிவுக்கு மாறிக்கொண்டார். ஒன்றேமுக்கால் வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை இல்லை. தெருவில் சுல்ஃபத்தைக் கண்டால் மட்டும் தலையைத் தடவிவிட்டுப் போகிறார். அவள் வீட்டுக்கு வந்து, "மாடத்தியம்மா ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்ல?" என்று கேட்பாள்.

போன வாரம் சர்க்கார் பதில் வந்தது. வக்கீல் வாசித்தார். கைதி 1957ஆம் வருஷத்து மனுவில் தன்னை முன்வரிசைப் போராளி என்கிறார், 1960ஆம் வருஷத்து மனுவில் அன்று வேலைக்குப் போனதாகச் சொல்கிறார், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான். இரண்டு மனுவையும் ஒரே ஃபைலில் ஊசி குத்தி வைத்திருந்தார்களாம். சர்க்கார்தான் மாறுகிறது, ஃபைல் மாறுவதில்லை. அது எனக்கும் தோன்றவில்லை, வக்கீலுக்கும் தோன்றவில்லை. சாப்பாவைத் திருப்பித் தரவில்லை.

யாரும் உங்களை மேடையில் ஏற்றவில்லை. நீங்களும் வரவில்லை. அக்கா மட்டும் போனார்.

நசீபா


பூஜப்புரை
1962 பிப்ரவரி 18

நசீபா,

நீ அவரிடம் காட்டியது சரி. ஏழு வருஷமாக நான் செய்ய வேண்டியதை நீ செய்திருக்கிறாய். எனக்கு அதற்குத் தைரியம் இருந்ததில்லை. சத்தியம், நியாயம் என்று உனக்கு எழுதியதெல்லாம் பாதிதான். மீதி, அவர் முகத்துக்குப் பயம்.

தண்டனைக் கழிவு போக அக்டோபர் முதல் தேதி விடுதலை என்று ஆபீசில் சொன்னார்கள். எந்த மந்திரியும் கையெழுத்துப் போட வேண்டாமாம். நாள் தானாகவே வருகிறது.

சிகாபுதீன்


கொச்சங்காடி
1962 செப்டம்பர் 21

மச்சான்,

ஒன்றாம் தேதி என்று ஜெயிலிலிருந்து கார்டு வந்தது.

இங்கே நம் துறையில் சாப்பா எறிவது நின்றுவிட்டது. இப்போது பெயர் பதிந்து அட்டை கொடுக்கிறார்கள், முறைப்படி கூப்பிடுகிறார்கள். அந்த மேடையைப் பிரித்துப் பலகைகளை யாரோ விறகுக்கு எடுத்துப் போனார்கள். ஷௌகத் அலிக்கு வயதாகிவிட்டது. உங்கள் பெயரை யாரும் பேசுவதில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. அதற்குத் தயாராக வாருங்கள்.

நேற்று மத்தியானம் மாடத்தி அக்கா வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"எப்ப வாறான்?"

"ஒண்ணாந் தேதி அக்கா."

"வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவுல கெடந்து எம் புருசன் அவன்ட்ட என்னமோ சொன்னாராம்லா. பாத்தவுக சொல்லுதாக. என்னன்னு ஒனக்கு எழுதுனானா?"

"இல்ல அக்கா. எழுத வரலைன்னு எழுதினார்."

"என்ட்ட வந்து சொல்லச் சொல்லு. ஒன் வீட்டுல கால் வைக்கதுக்கு முந்தி."

போய்விட்டார். சாயா வேண்டுமா என்று கேட்கக்கூட விடவில்லை.

ஆகவே இப்படி. ஜெட்டியில் நானும் சுல்ஃபத்தும் நிற்போம். மாலை இருக்காது. கொடி இருக்காது. அங்கிருந்து நேராக அவர் வீடு. அதன் பிறகுதான் நம் வீடு. சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு வருகிறேன். ஆறினாலும் பரவாயில்லை.

நசீபா


பூஜப்புரை
1962 செப்டம்பர் 28

நசீபா,

முந்தாநாள் முதன்மந்திரி மாறிவிட்டாராம். பழையவரை எங்கேயோ வடக்கே கவர்னராக அனுப்பிவிட்டார்களாம். வார்டர் வந்து, "சிகாபுதீனே, புதிய ஆள் வந்நு. மனு கொடுக்க வேண்டே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்டேன்.

சுல்ஃபத்துக்குத் தனியாக ஒரு தாள் மலையாளத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் 214 பற்றியும் உண்டு. அவளே படித்துக்கொள்ளட்டும்.

மாடத்தி அக்கா கேட்டதை உனக்கு முதலில் எழுதிவிடுகிறேன். அவர் முன்னால் எனக்கு வாய் வராமல் போனால் நீ சொல்ல வேண்டும். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. "கையக் குடுலே" என்றார். அவ்வளவுதான்.

சாப்பாவை வாயில் கவ்விக்கொண்டு ஓடினேன் என்று உனக்கு எழுதினேன். ஏன் வாயில் வைத்தேன் என்று எழுதவில்லை. கையைக் காலியாக்கத்தான் வைத்தேன். கை காலியாகிவிட்டது. குனியவும் குனிந்தேன். லத்தி முதுகில் விழுந்தது. நீட்டவில்லை, ஓடிவிட்டேன். வள்ளம் கல்லில் மோதுகிற சத்தம் பின்னால் கேட்டது.

இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் அடித்தால் வாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்தினால் வெளியே நிற்பேன்.

ஜெட்டியில் கொஞ்சம் தள்ளியே நில். படகு ஆடினாலும் கை கொடுக்க வராதே. நானே இறங்கிக்கொள்கிறேன்.

சிகாபுதீன்